தண்ணீர் எலிகளுக்கு வந்த தோஷம்

கல்கத்தா எறும்புகளைப் பற்றி நான் கொஞ்சம் முன்யோசனையோடு இருந்திருக்க வேண்டும். நடந்ததில் என் தவறு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் சிவலிங்கம் சார். லேக் மார்க்கெட்டில் எனக்காகத் தனியாக அரைத்துக் கொடுக்கிற பொடி. சிக்கரி கிடையாது. கலப்படம் என்றால் எனக்கு ஆகாது. மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்குப் போன் செய்தபோது, திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்து உட்காருவார் என்று நான் நினைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. பெங்காலி எனக்குத் தண்ணீர் பட்ட பாடுதான், ஆனாலும் இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

நீங்கள் வந்தது போலி மாத்திரை விஷயமாக. டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் வெகுகாலமாக மருந்துக்கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபு, கர்ப்பிணிப் பெண்ணுக்குப் போலி மாத்திரை விற்றார் என்று முந்தாநாள் கைதாகி லாக்கப்பில் இருக்கிறார். கடைக்கு சீல் வைத்தாயிற்று. ஷட்டரில் பேட்டைப் பையன்கள் செருப்பு மாலை போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் எனக்குச் சில்லறை பாக்கி வைத்தால்கூட வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறவர். நிரபராதி ஒருவர் எனக்காக உள்ளே இருப்பதை என் மனசாட்சி ஒப்பவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரையை மாற்றியது நான். மகேஸ்வரி, அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைப் பெற்றவள்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிடர்பூரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய சணல் கோடவுனை மாற்றிக் கட்டிய பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. சௌந்தரராஜன் சார் ஆரம்பித்தது. அவர் போனபிறகு மகன் ராகவ் நடத்துகிறான். புது மருந்தோ, பூச்சிக்கொல்லியோ, சாயமோ, எதுவானாலும் கடைக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்குமா என்று எலிகளை வைத்துப் பார்ப்போம். கர்ப்பிணி எலிகளை நான்கு பிரிவாக்குவோம். மூன்று பிரிவுக்கு மருந்து: கொஞ்சம், நடுத்தரம், நிறைய. நாலாவது பிரிவுக்கு வெறும் தண்ணீர். பிரசவத்துக்குச் சற்று முன்பே தாயை மயக்கிக் குட்டிகளை எடுத்துவிடுவோம். பிரசவம் வரை விட்டால், குறையோடு பிறந்த குட்டியைத் தாய் எலி சத்தமில்லாமல் தின்றுவிடும். எங்களுக்குக் கணக்கு தப்பும். யோசித்துப் பார்த்தால் தாய் எலியும் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தத்தான் செய்கிறது. அதை யாரும் குற்றம் சொல்வதில்லை.

என் வேலை எலும்பு பார்ப்பது. குட்டியைக் காரத் தண்ணீரில் ஊறப் போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றினால், சதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி எலும்பு மட்டும் சிவப்பாகத் தெரியும். கண்ணாடித் துண்டுக்குள் யாரோ சிவப்பு நூலில் தையல் போட்டது போல அவ்வளவு அழகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போகக்கூட மறந்திருக்கிறேன். எந்த ஜாடி எந்தப் பிரிவு என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஜாடியில் வெறும் எண் எழுதிய சீட்டு இருக்கும். ஆனால் இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்கு எண் எதற்கு? மருந்து அதிகம் போன வயிற்றுக் குட்டி சோனியாக இருக்கும். தண்ணீர் எலியின் குட்டி கொழுகொழுவென்று இருக்கும்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறது. தெற்குக் கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜாதகம் என்னிடம்தான் வரும். தொழிலாகச் செய்வதில்லை, ஒரு ஆசை. யாருக்கும் கெட்ட செய்தி சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். ரோஹித் என்று பேங்க் ஆபீசர் வீட்டுப் பையன், செவ்வாய் தோஷம். பிரியங்கா என்று ஒரு பெண், சுத்த ஜாதகம். இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடித்துப்போயிற்று. என்ன செய்வது? உங்களுக்குத் தெரியாததல்ல, ஒரு பக்கம் மட்டும் தோஷம் இருந்தால்தான் வம்பு. இரண்டு பக்கமும் இருந்தால் நேர் ஆகிவிடும், தாராளமாகத் தாலி கட்டலாம். நான் பிரியங்காவின் பிறந்த நேரத்தைச் சற்று நகர்த்தி, அவளுக்கும் ஒரு தோஷத்தை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் கடிகாரம் எந்தக் காலத்தில் சரியாக ஓடியிருக்கிறது? பையனின் தோஷத்தைத் தொட்டேனா? இல்லை. மறைத்தேனா? இல்லை. இப்போது பெங்களூரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். தீபாவளிக்குப் புடவை அனுப்புகிறார்கள்.

இந்த மனசோடுதான் நான் சாந்தோமின் ஜாடிகளைப் பார்த்தேன்.

சாந்தோமின், ஆமாம். கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிறுத்துகிற மாத்திரை. அது முதலில் எங்களிடம்தான் வந்தது. பெரிய கம்பெனி, பெயர் உங்களுக்கே தெரியும். ராகவ் என் மேஜையோரம் வந்து உட்கார்ந்து, நான் கொண்டுபோயிருந்த தட்டையை எடுத்துக் கடித்துக்கொண்டே பேசினான்.

"இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா அவங்க வேலை எல்லாமே நமக்குத்தான் ஆன்ட்டி. இல்லேன்னா அப்பாவோட லேபை மறுபடி சணல் மூட்டைக்கு விட வேண்டியதுதான்."

"நான் என்னப்பா பண்ண முடியும்? எலும்பு சொல்றதைத்தானே நான் சொல்றேன்."

"அய்யோ, நான் ஒண்ணும் கேக்கலையே" என்றான். "தட்டை சூப்பர்."

உண்மைதான், அவன் எதையும் கேட்கவில்லை. நல்ல பையன். பதில் பிடிக்காது என்று தோன்றினால் கேள்வியையே கேட்கமாட்டான்.

ஜாடிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சோனிக் குட்டிகளில் பலவற்றுக்கு விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சீப்பின் பற்கள் உருகிச் சேர்ந்துகொண்ட மாதிரி. முதுகெலும்பில் சில மணிகள் பாதிதான் இருந்தன. கொழுகொழுக் குட்டிகளெல்லாம் சுத்தம். ஒரு பக்கம் முழுக்க தோஷம், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

அந்தக் காரத் தண்ணீர் இருக்கிறதே, அது சதையோடு சேர்த்துச் சீட்டையும் நூலையும் தின்னும். நைந்த சீட்டை எடுத்துவிட்டு அதே எண்ணைப் புதுச் சீட்டில் எழுதிக் கட்டுவது என் பிரிவில் அன்றாட வேலை. பூ கட்டுவது போலத்தான். கை பாட்டுக்குக் கட்டும், வாய் பாட்டுக்குப் பேசும். அன்று எண்களை மாற்றிக் கட்டி, ஒட்டின விலாக்களில் பாதியை எடுத்துத் தண்ணீர்ப் பிரிவுக்குக் கொடுத்தேன். அங்கிருந்த சுத்தமான குட்டிகளை இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். சோனிக் குட்டியில் சற்றுத் தேறினதாகவும் கொழுத்ததில் சற்று இளைத்ததாகவும் பார்த்துத்தான் மாற்றினேன். பொருத்தம் பார்க்காமல் நான் எதையும் சேர்ப்பதில்லை. ஒரு குட்டியையும் நான் தூக்கி எறியவில்லை. ஒட்டின விலாவை ஒட்டவில்லை என்று எழுதவில்லை. எல்லாக் குறையும் ரிப்போர்ட்டில் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். இருக்கும் இடம்தான் வேறே. மருந்து தின்றதற்கு வந்த குறை தண்ணீர் குடித்ததற்கும் அதே அளவு வந்தால், பிறகு மருந்தின் மேல் என்ன பழி?

சரிபார்க்கிற முத்துக்குமாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், தண்ணி குடிச்ச எலிக்கே இவ்வளவு வருதே?"

"எந்த ஊர் தண்ணின்னு பாருங்க" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் கூடத்தில் இருந்த வடிகட்டிகளையெல்லாம் மாற்றினார்கள். அது ஒரு நல்ல காரியம், என்னால் நடந்தது. இன்றைக்கும் எங்கள் ஆபீஸ் தண்ணீர் மாதிரி கிடர்பூரில் எங்கேயும் கிடையாது.

காப்பியை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை சார், இது பின்னணிதான். மாத்திரைக்கு வருகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் என்மேல் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும். நான் சீட்டு மாற்றியது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு தேவையே இருக்கவில்லை. எப்படி என்கிறீர்களா? எந்தக் கூடத்திலும், இங்கே தண்ணீர் எலிகளுக்குச் சாதாரணமாக எவ்வளவு குறை வரும் என்று பழைய பரிசோதனைகளை வைத்து ஓர் அளவுகோல் இருக்கும். புது மருந்தில் ஏதாவது தென்பட்டால் முதலில் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சாந்தோமினுக்குப் பிறகு எங்கள் அளவுகோல் தாராளமாகிவிட்டது. எங்கள் எலிகளுக்குச் சும்மாவே விலா ஒட்டும் என்று ஆகிவிட்டது. அப்புறம் வந்த பூச்சிமருந்து ஒன்று, தலைச்சாயம் ஒன்று, பெயின்டில் கலக்கிற திரவம் ஒன்று, எல்லாமே நேர்மையாகத் தேறின. நான் ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் வேலை நிலைத்தது. துர்கா பூஜைக்கு ராகவ் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தான்.

சரி, மாத்திரை.

என் மகள் ரோஹிணி மாடியில் இருக்கிறாள். மாப்பிள்ளை ரஞ்சன் வங்காளி, தங்கமான பையன், என்னை வாய் நிறைய 'மா' என்பான். வைகாசியில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. வாந்தி என்றால் அப்படி ஒரு வாந்தி. டாக்டரம்மா சீட்டை எழுதினார். ரோஹிணி அதைப் படியிறங்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, சாந்தோமின். உன் லேப்ல டெஸ்ட் பண்ணினதுதானே? ரஞ்சன் அவங்க வீட்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருக்கான்."

"ஆமாம்மா, நான்தான் பார்த்தேன்."

"அப்ப பயமில்லாம சாப்பிடலாம்?"

"தாராளமா சாப்பிடு. நீ கடைக்கெல்லாம் அலையாதே, நானே வாங்கிட்டு வந்து தரேன்."

ரஞ்சன் மாடிப்படியிலிருந்து குனிந்து, "ஆப்னி ஆச்சேன், ஆர் சிந்தா கீ, மா" என்றான். நீங்கள் இருக்கும்போது என்ன கவலை என்று அர்த்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரமேஷ்பாபு கடையில் டப்பாவை வாங்கினேன். அந்த மாத்திரை சிறியது, வெள்ளை, தட்டை. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஹோமியோபதிக் கடை. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? மருந்துச் சொட்டு விடாத வெறும் சர்க்கரை மாத்திரை, தட்டையானது, கேட்டேன். கடைக்காரக் கிழவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "மருந்தே இல்லாத மாத்திரை யாருக்கு, மாசிமா?" என்றார் பெங்காலியில். "மருந்தே தேவைப்படாதவளுக்கு" என்றேன். எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் நின்று மாற்றிப் போட்டுக்கொண்டு மேலே போய்க் கொடுத்தேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் அப்படித்தான்.

வேடிக்கை என்ன என்றால் வாந்தி நின்றுவிட்டது. "உன் மருந்து அமிர்தம்மா" என்றாள். ரஞ்சனின் அம்மா பாலிகஞ்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சாந்தோமினைச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயம் கீழ்வீட்டுக் கவிதாவும் முழுகாமல் இருந்தாள், இருக்கிறாள். செல்வராஜ் என்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையனின் மனைவி. வேலூர்ப் பக்கத்துப் பெண், பெங்காலி ஒரு வார்த்தை வராது. காய்காரனிடம் பேரம் பேசவே என்னைத்தான் கூப்பிடுவாள். தாய் வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் அவளுக்கும் போகும். ரோஹிணிக்கும் அவளுக்கும் ஒரே பந்தலில் வளைகாப்பு என்று பேசி வைத்திருக்கிறேன். செலவு மிச்சம், பெண்ணுக்கும் மனசு நிறையும்.

பிறகுதான் எறும்பு.

சாந்தோமின் வேப்பங்காய்க் கசப்பு. எறும்பு அதைத் திரும்பிப் பார்க்காது. சர்க்கரை மாத்திரை அப்படியா? முந்தாநாள் காலை ரஞ்சன் எழுந்து பார்த்தால் ஜன்னல் சட்டத்திலிருந்து மேஜை வரை ஒரு கறுப்புக் கோடு, நேரே டப்பாவுக்குள். அவன் ஒரு மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்தான். மிட்டாய்க்கடை ஊரில் பிறந்தவன் அல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டான்.

"மிஷ்டி" என்று கத்திக்கொண்டு கீழே ஓடிவந்தான். "இனிப்பு, மா. இது மருந்தே இல்ல, போலி."

நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அவன் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். மத்தியானம் கடை வாசலில் கூட்டம். போலீஸ் வேனில் ஏற்றும்போது ரமேஷ்பாபு என்னைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, வாராவாரம் நீங்கதானே வாங்கினீங்க. நீங்களே சொல்லுங்க, நான் அப்படிப்பட்ட ஆளா?"

"எனக்குத் தெரியும் ரமேஷ்பாபு, கொஞ்சம் பொறுங்க" என்றேன். கூட்டத்தில் ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். அதோ, அலமாரியில். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது. தப்பே செய்யாத ஒருவர்மேல் அடுத்தவர் குறையைக் கொண்டுபோய் வைப்பது எவ்வளவு பெரிய பாவம்.

ரோஹிணிக்குப் போலி என்று தெரிந்த அன்றைக்கே வாந்தி திரும்பிவிட்டது. இப்போது மேலே படுத்திருக்கிறாள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி சார். மருந்து நல்லதென்றால் என் பெண்ணுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? மருந்தில் பழுது இல்லை. ரிப்போர்ட் அப்படித்தான் சொல்கிறது, சர்க்கார் ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்லா எலிக்குமா விலா ஒட்டியது? சிலதுக்குத்தானே. எலி வேறே, மனுஷி வேறே. ஆனாலும் பெற்ற மனசு கேட்பதில்லை. உங்களுக்குப் பெண் குழந்தை உண்டா? இருந்தால் புரியும்.

என் வாயால் சொன்னது போதாது, ரமேஷ்பாபு விற்றது அசல்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்கிறீர்கள். அவர் கடைச் சரக்கு சீலுக்குள் இருக்கிறது, சோதனைக்கு அனுப்பி முடிவு வர நாளாகும், அதுவரை மனிதர் உள்ளேதான். அதையும் நான் யோசிக்காமல் இல்லை.

அந்த டப்பாக்களிலிருந்து எடுத்த மாத்திரைகளை நான் சாக்கடையில் கொட்டவில்லை. பொருளை வீணாக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கீழே போகும்போது கவிதாவின் கதவைத் தட்டுங்கள். தமிழில் பேசினால் சந்தோஷப்படுவாள். அடுக்களை ஜன்னலில், சர்க்கரை ஜாடிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பா இருக்கும். சர்க்கரையில் எறும்பு இருக்கும், அந்த டப்பாவில் ஒன்றுகூட இருக்காது. ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பாருங்கள். "என்ன ஆன்ட்டி இப்படிக் கசக்குது" என்று முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் நான் கொடுத்தது என்பதற்காக ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை, பாவம்.

சீக்கிரம் போனால் நல்லது. மாத்திரை இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அதையும் அவள் சாப்பிட்டுவிட்டால் ரமேஷ்பாபுவுக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.